நேற்றைய மாணவருக்கு ஒரு நாற்காலி

கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக நடந்துவந்த பள்ளிக்கூடத்தில் 1930-களின் தொடக்கத்தில் படித்தவர் ராபர்ட் கோஹீன். பிறந்தது மகாராஷ்டிரக் கடலோரத்து வெங்குர்லாவில்; அப்பா மிஷன் மருத்துவர். பதினைந்து வயதில் அமெரிக்கா போனவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். உலகப் போருக்குப் போய்த் திரும்பினார். கிரேக்க, லத்தீன் இலக்கியங்களைக் கற்பித்தார். 1957-ல், 37 வயதில், அதே பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். தலைவர் என்பது ஏறத்தாழ நம்மூர்த் துணைவேந்தர் பதவி. பின்னாளில், 1977 முதல் 1980 வரை, இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதராகவும் டெல்லியில் இருந்தார்.

அவர் தலைவராக இருந்தபோது, 1969-ல், பிரின்ஸ்டன் ஒரு காரியம் செய்தது. அந்த ஆண்டு பட்டம் வாங்கி வெளியேறும் மாணவர் ஒருவரை, பட்டமளிப்பு அங்கியைக் கழற்றி மடித்து வைப்பதற்குள், பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவில் உறுப்பினராக்கியது. பார்வையாளராக அல்ல, ஆலோசகராகவும் அல்ல. வங்கித் தலைவர்களும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்திருந்த அதே மேசையில், அவர்களுக்குச் சமமான வாக்குடன். அன்று தொடங்கிய ‘இளம் பட்டதாரி அறங்காவலர்’ பதவிக்கு அரை நூற்றாண்டைத் தாண்டி இன்றும் ஆண்டுதோறும் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தை நடத்துவதில் என்ன தெரியும்? இந்தக் கேள்வி அங்கேயும் எழுந்தது. இங்கே இந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் இதுதான் வரும். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது.

யார் இந்த அறங்காவலர்கள்?

அறங்காவலர் என்றதும் நமக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்துக்கும் அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. கோயில் நிலமும் நகையும் அறங்காவலரின் சொத்து அல்ல. கொடுத்தவர் செத்துப்போயிருப்பார், அனுபவிக்க வேண்டியவர் இன்னும் பிறந்திருக்க மாட்டார், இடையில் இருப்பவர் காத்துக் கொடுக்க வேண்டும். பிரின்ஸ்டனின் அறங்காவலர்களும் அப்படித்தான். 1746-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு இன்று 30 பில்லியன் டாலருக்கு மேல் மூலநிதி இருக்கிறது. அதை எதில் முதலீடு செய்வது, ஆண்டுக்கு எவ்வளவு செலவழிப்பது, கட்டணம் எவ்வளவு, எந்தக் கட்டடம் எழும்ப வேண்டும், அடுத்த தலைவர் யார் என்பதற்கெல்லாம் கடைசிக் கையெழுத்து இந்தக் குழுவினுடையது.

அந்தக் கையெழுத்தின் கனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2001-ல் இந்தக் குழு, உதவி தேவைப்படும் மாணவருக்குக் கல்விக்கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டு, திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையாகவே கொடுப்பது என்று முடிவெடுத்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் பல்கலைக்கழகம் அதுதான். கடனோடு வெளியே வந்த ஒருவருக்கும் கடனில்லாமல் வந்த ஒருவருக்கும் முப்பது வயதுவரை வாழ்க்கையே வேறு. எந்த வேலையை ஏற்பது, எந்த ஊரில் இருப்பது, எப்போது திருமணம் என்பதுவரை அந்தக் கடன் தீர்மானிக்கும். அப்படிப்பட்ட முடிவை எடுக்கும் அறையில், மாதத் தவணை கட்டும் வயதில் உள்ள ஒருவர் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

குழுவில் அதிகபட்சம் நாற்பது பேர். நியூஜெர்சி மாநில ஆளுநரும் பல்கலைக்கழகத் தலைவரும் பதவிவழி உறுப்பினர்கள். ஆண்டுக்கு ஒருவராக இளம் பட்டதாரிகள் தேர்வாகி, ஒவ்வொருவரும் நான்காண்டு இருப்பதால், எந்த நேரத்திலும் நால்வர் இருப்பார்கள். மூத்தவர் இருபத்தாறை நெருங்கியிருப்பார். இளையவர் போன மாதம்வரை நூலகத்தில் இடம் பிடிக்க ஓடியிருப்பார். நாற்பதில் நான்கு என்பது தீர்மானத்தைத் தோற்கடிக்கும் எண்ணிக்கை இல்லை. ஆனால் தனித்த ஒருவராக இல்லாமல் நால்வராக இருப்பதில் ஒரு பலம் உண்டு: முதல் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் புதியவருக்குப் பக்கத்து நாற்காலியில், மூன்று வருடம் பழகிய மூத்தவர் இருக்கிறார்.

தானாக வரவில்லை

அமெரிக்காவில் அப்போது வியட்நாம் போர் கொதித்துக்கொண்டிருந்தது. 1968 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கட்டடங்களைப் பிடித்து உட்கார, போலீஸ் உள்ளே புகுந்து நூற்றுக்கணக்கானோரை இழுத்துப்போனது. அடுத்த மாதமே பிரின்ஸ்டனில், நாசா ஹால் என்ற பழைய நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் மாணவர்கள் திரண்டார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது நிர்வாகத்தில் பங்கு. பதினெட்டு வயதுப் பையனைப் போருக்கு அனுப்பச் சட்டம் இருந்தது. அவன் வாக்களிக்க மட்டும், பெரும்பாலான மாநிலங்களில், இருபத்தொரு வயது ஆக வேண்டும். 1971-ல்தான் அமெரிக்க அரசியல் சாசனம் திருத்தப்பட்டு நாடு முழுதும் பதினெட்டு வயது வாக்குரிமை வந்தது. அந்த முரண் தலைமுறை முழுவதையும் சுட்டது.

கோஹீன் போலீஸை நம்பவில்லை. பல்கலைக்கழக அமைப்பையே ஆராய ஒரு சிறப்புக் குழு போடப்பட்டது. அரசியல் பேராசிரியர் ஸ்டான்லி கெல்லி அதன் தலைவர். ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஆசிரியர், மாணவர், ஊழியர், முன்னாள் மாணவர் எல்லோரும் உறுப்பினராக இருக்கும் ஒரு பேரவை அந்தக் குழுவின் உழைப்பில் பிறந்தது. இளம் அறங்காவலர் பதவியும் அதே காற்றில் வந்தது. பெண்களை இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ப்பது என்று அறங்காவலர்கள் முடிவெடுத்ததும் 1969-ல்தான். 223 ஆண்டுகளாக ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்த கதவு அந்தச் செப்டம்பரில் திறந்தது. கோஹீனே சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதற்கு எதிராக இருந்தவர். பிறகு மனம் மாறினார். மனம் மாறத் தெரிந்த ஒரு நிர்வாகியின் காலத்தில் எவ்வளவு நடக்கும் என்பதற்கு அந்த ஓராண்டு போதும்.

முதன்முதலாக அந்த நாற்காலிக்கு வந்தவர்களுள் பிரென்ட் ஹென்றி ஒருவர். 1969-ல் பட்டம் பெற்றவர். விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பின மாணவர்களே அன்று பிரின்ஸ்டனில் இருந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆண்டு மார்ச்சில், நிறவெறித் தென்னாப்பிரிக்காவோடு தொழில் செய்யும் நிறுவனங்களில் பல்கலைக்கழகப் பணம் இருக்கக் கூடாது என்று கறுப்பின மாணவர்கள் நியூ சவுத் என்ற நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றி அமர்ந்திருந்தார்கள். ஒரு தலைமுறை கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், அந்தத் தலைமுறையின் ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்தார்.

இந்தக் கதையின் அடுத்த பகுதி நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து வருகிறது. 2015 நவம்பரில் கறுப்பின மாணவர்கள் மறுபடி நாசா ஹாலுக்குள், தலைவரின் அறையிலேயே, முப்பத்திரண்டு மணி நேரம் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். பொதுக்கொள்கைப் பள்ளிக்கும் மாணவர் விடுதி ஒன்றுக்கும் வைக்கப்பட்டிருந்த உட்ரோ வில்சனின் பெயரை நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. பிரின்ஸ்டனின் தலைவராக இருந்து, பிறகு அமெரிக்க அதிபரானவர் வில்சன். அரசு அலுவலகங்களில் இனப் பிரிவினையை வளர்த்தவரும் அவரே. விசாரிக்க அறங்காவலர் குழு பத்துப் பேர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை ஏற்றவர், அப்போது அறங்காவலர் குழுவின் துணைத் தலைவராக இருந்த பிரென்ட் ஹென்றி. 2012-ல் பட்டம் பெற்றிருந்த இளம் அறங்காவலர் ஒருவரும் அந்தப் பத்துப் பேரில் இருந்தார். 1969-ன் இளையவரும் 2012-ன் இளையவரும் ஒரே மேசையில்.

முடிவு மாணவர்கள் கேட்டபடி வரவில்லை. 2016 ஏப்ரலில் பெயர் இருக்கட்டும் என்று அறங்காவலர்கள் தீர்மானித்தார்கள். வில்சனின் குறைகளையும் சேர்த்துச் சொல்வோம், வளாகத்தில் மற்றவர்களின் நினைவுகளுக்கும் இடம் தருவோம் என்றார்கள். என் கணிப்பில் அது தவறான தீர்மானம். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்டு நாடே வீதிக்கு வந்த 2020 ஜூனில், பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்தும் மாணவர் விடுதியிலிருந்தும் அதே குழு அந்தப் பெயரை எடுத்துவிட்டது. நான்காண்டுத் தாமதம். இளையவர் ஒருவரை உட்கார வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாற்காலி வேறு, அதிலிருந்து எழும் குரல் வேறு.

அவருக்கு மட்டும் தெரிந்தது

அப்படியானால் அந்த நாற்காலி எதற்கு? அறங்காவலர் ஒருவர் முப்பதாண்டுக்கு முன் படித்தவராக இருப்பார். அவர் நினைவில் உள்ள வளாகம் இன்று இல்லை. மனநல ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை விடுமுறையில் விடுதி மூடினால் எங்கே போகிறது, உதவித்தொகை விண்ணப்பத்தில் எந்தக் கேள்வி ஒரு அம்மாவை அழ வைக்கிறது என்பதெல்லாம் கூட்டத்துக்கு வரும் தடித்த கோப்பில் ஒரு வரியாகக்கூட இருக்காது. அங்கே சராசரி இருக்கும். சராசரிக்குப் பின்னால் உள்ள முகம் இளையவருக்குத் தெரியும்.

மாணவப் பிரதிநிதியே இதைச் சொல்லலாமே என்று கேட்கலாம். சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவில் 1975 முதல் மாணவர் ஒருவர் முழு வாக்குடன் இருக்கிறார். பதவிக்கு முந்தைய ஆண்டு முழுதும் வாக்கில்லாமல் அமர்ந்து பழகிக்கொள்கிறார். அது நல்ல ஏற்பாடு. ஆனால் மாணவராக இருக்கும்போதே ஆட்சி செய்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. தனக்கு மதிப்பெண் போடும் பேராசிரியரின் துறைக்கு நிதி குறைக்கும் தீர்மானத்தில் அவர் கை தூக்க வேண்டியிருக்கும். தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்க வேண்டியிருக்கும். பட்டம் கையில் வாங்கியவருக்கு அந்தப் பயமும் இல்லை, அந்த ஆதாயமும் இல்லை. நினைவு மட்டும் பச்சையாக இருக்கிறது. பயம் விலகி, நினைவு இன்னும் மங்காத அந்தச் சில ஆண்டுகளைத்தான் பிரின்ஸ்டன் சரியாகப் பிடித்தது.

வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகம் 1972-ல் இதே வழிக்கு வந்தது. மாநில ஆளுநராக இருந்து பல்கலைக்கழகத் தலைவராக வந்த டெரி சான்ஃபோர்டு காலம் அது. அங்கே இளநிலைப் பட்டதாரி மூன்றாண்டு இருப்பார்: முதலாண்டு பார்வையாளர், பிந்தைய இரண்டாண்டு வாக்குள்ள உறுப்பினர். நிதிநிலை அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் கொடுப்பது நல்ல யோசனை.

கட்டிப்போட்ட வாய்

பிரின்ஸ்டன் முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. தேர்தல் இரண்டு சுற்று. முதலில் இறுதியாண்டு மாணவர்கள் தங்களுள் மூவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு மூன்றாமாண்டு, நான்காமாண்டு மாணவர்களும் கடைசியாகப் பட்டம் பெற்ற இரண்டு வகுப்பினரும் சேர்ந்து ஒருவருக்கு வாக்களிக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் பங்கேற்கும் உண்மையான தேர்தல். ஆனால் வேட்பாளர் பிரசாரம் செய்யக் கூடாது. பல்கலைக்கழகத்தின் முன் இருக்கும் பிரச்சினைகளில் தன் நிலைப்பாடு இன்னது என்று சொல்லி வாக்குக் கேட்கக் கூடாது. தன் படிப்பையும் தான் செய்த பணிகளையும் சொல்லலாம், அவ்வளவே.

நிர்வாகத்தின் வாதம் இது: அறங்காவலர் யாருடைய பிரதிநிதியும் அல்ல. தன்னைத் தேர்ந்தெடுத்தவருக்காக அல்ல, நிறுவனம் முழுமைக்காக, வரப்போகும் தலைமுறைக்காக அவர் யோசிக்க வேண்டும். வாக்குறுதி கொடுத்து வருபவர் அதற்குக் கட்டுப்பட்டவராகவே உள்ளே நுழைவார்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கோயில் அறங்காவலர் தன் தெருக்காரர்களுக்கு மட்டும் பிரசாதம் கொடுத்தால் யாரும் ஒப்பமாட்டார்கள். ஆனால் கருத்தைச் சொல்வதும் கைகட்டி நிற்பதும் ஒன்றில்லையே! நிலக்கரி நிறுவனங்களில் பல்கலைக்கழகப் பணம் இருக்கலாமா என்று வேட்பாளர் என்ன நினைக்கிறார் எனத் தெரியாமல் வாக்களிப்பவர், எதைப் பார்த்து வாக்களிப்பார்? முகத்தையும் பழக்கத்தையும்தான். பருவநிலைக்காக மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பின், 2022 செப்டம்பரில் பிரின்ஸ்டன் அறங்காவலர்கள் நிலக்கரி, தார்மணல் துறைகளைச் சேர்ந்த 90 நிறுவனங்களோடு முதலீட்டு உறவைத் துண்டிப்பதாக அறிவித்தார்கள். வளாகத்தின் ஒவ்வொரு மரத்தடியிலும் பேசப்பட்ட அந்த விஷயத்தை, அந்தக் குழுவுக்குப் போட்டியிடும் இளைஞர் மட்டும் தேர்தல் நேரத்தில் பேசக் கூடாது என்ற விதி, வாக்காளரையும் வேட்பாளரையும் ஒருசேரச் சிறுமைப்படுத்துகிறது. குழுவில் இருக்கும் முதலீட்டாளர்களும் தொழிலதிபர்களும் கருத்தில்லாமலா உள்ளே வந்தார்கள்? அவர்கள் கருத்து அவர்களுடைய வாழ்நாள் தொழிலிலேயே எழுதியிருக்கிறது. இளையவர் ஒருவரிடம் மட்டும்தான் வெற்றுத்தாளாக வா என்கிறார்கள்.

எடின்பரோவில் நடந்தது

வாயைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு சாட்சியம் இருக்கிறது. அங்குள்ள பழைய பல்கலைக்கழகங்களில் ரெக்டர் என்ற பதவி உண்டு. மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். எடின்பரோவில் முதல் ரெக்டர், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டன், 1859-ல் வந்தார். பிறகு லாயிட் ஜார்ஜ், சர்ச்சில். பெரிய மனிதர்கள் வந்து ஓர் உரை நிகழ்த்திவிட்டுப் போவதே வழக்கமாகிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகத்தை ஆளும் குழுவின் கூட்டத்துக்கு ரெக்டரே தலைமை தாங்கலாம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை யாரோ ஒரு மாணவர் எடுத்துப் படித்திருக்க வேண்டும். 1971-ல் ஜொனாதன் வில்ஸ் என்ற மாணவரே ரெக்டராக வென்றார்.

அவருக்குப் பின் 1972-ல் வென்றவருக்கு வயது இருபத்தொன்று. வரலாற்றில் முதல் வகுப்பில் அப்போதுதான் பட்டம் வாங்கியிருந்தார். பள்ளியில் ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு ஒரு கண் பார்வையை இழந்தவர். மாணவர் பத்திரிகை ஆசிரியராக, பல்கலைக்கழகத்துக்குத் தென்னாப்பிரிக்காவோடு தொடர்புள்ள நிறுவனங்களில் பங்குகள் இருப்பதை வெளிக்கொண்டுவந்தவர். பெயர் கோர்டன் பிரவுன். அவரை எதிர்த்து நின்றவர் ஒரு தொழிலதிபர். பிரசாரம் அனல் பறந்தது; பிரவுன் எதற்காக நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். வென்று, தலைமை நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டங்களை நடத்தினார். நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய உரிமையைக் குறைக்கப் பார்த்தது, விவகாரம் நீதிமன்றம்வரை போனது, பிரவுன் வென்றார். 1975 வரை மூன்றாண்டு பதவியில் இருந்தார்.

பல்கலைக்கழகம் கவிழ்ந்துவிடவில்லை. கூட்டங்கள் கசப்பாக இருந்தன, அது உண்மை. ஆனால் முதலீடு யாருக்காக, ஆட்சி யாருக்காக என்ற கேள்விகள் மூடிய அறையைவிட்டு வெளியே வந்தன. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2007-ல், அந்த இளைஞர் பிரிட்டனின் பிரதமரானார். அதனால் இந்தக் கதையைச் சொல்லவில்லை; அவர் பிரதமராகாமல் போயிருந்தாலும் 1972-ல் அவர் செய்தது சரியே.

சென்னையிலும் ஒரு கதவு

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியபோது அதை ஆண்ட, ஃபெல்லோ எனப்பட்ட உறுப்பினர்களை அரசே நியமித்தது. வைஸ்ராய் கர்சன் காலத்து 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பதிவு செய்துகொண்ட பட்டதாரிகள் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. 1923-ஆம் ஆண்டுச் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் செனட் என்ற பேரவையில் பதிவுபெற்ற பட்டதாரிகளுக்கென்று தொகுதியே வைத்தது. பட்டதாரி என்ற தகுதிக்கே ஒரு குடிமை உரிமை உண்டு என்று நம்பிய காலம் அது. சட்ட மேலவையிலும் பட்டதாரிகள் தொகுதி இருந்தது. 1986-ல் தமிழகத்தில் மேலவையே கலைக்கப்பட்டது.

பதிவுபெற்ற பட்டதாரி என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் இன்று உங்கள் வீட்டில் எத்தனை பேர்? பட்டம் வாங்கினோம், புகைப்படம் எடுத்தோம், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பினோம் என்பதோடு நமக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உறவு முடிந்துவிடுகிறது. பிறகு தேர்வுக் கட்டணம் ஏறினால், மதிப்பெண் பட்டியல் மாதக்கணக்கில் வராவிட்டால், தேநீர்க் கடையில் குறைபட்டுக்கொள்கிறோம். அந்த முடிவுகள் எடுக்கப்படும் சிண்டிகேட் என்ற ஆட்சிக் குழுவின் கூட்டத்தில், அதே வரிசையில் நின்று அதே சான்றிதழுக்காகக் காத்திருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றின் சிண்டிகேட்டிலும், பட்டம் பெற்று ஐந்தாண்டு தாண்டாத ஒருவருக்கு ஓர் இடம் வேண்டும். அவரை இறுதியாண்டு மாணவர்களும் புதிய பட்டதாரிகளும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தான் என்ன நினைக்கிறார் என்பதை வாக்காளரிடம் வெளிப்படையாகச் சொல்ல அவருக்கு உரிமை இருக்க வேண்டும். கூட்டத்தில் முழு வாக்கு இருக்க வேண்டும். சட்டமன்றம் திருத்தினால் நடக்கக்கூடிய காரியம் இது. உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள்.